கடை வாசலில் தற்செயலாக ஒதுங்கிய யாராவது உங்கள் தொழிலைத் திருப்பிவிட்டது உண்டா? (கடலூர், பாண்டி பக்கத்து ஆட்கள் எழுதுங்கள்)

அச்சுக்கூடம் (திருப்பாப்புலியூர்)

எல்லோருக்கும் வணக்கம். லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதணி விழா, கருமாதிப் பத்திரிகை என்று எது வந்தாலும் அடிப்போம். போன வாரம் என் மகன் பழைய நோட்டுகளைப் புரட்டிக் கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்து, "அப்பா, இந்தக் கடை ஒவ்வொரு தடவை மேலே வந்ததும் யாரோ வழியில் போனவங்களாலதான். நீங்க திட்டம் போட்டு நடந்தது ஒண்ணுமே இல்லையே" என்றான். குறையாகச் சொல்லவில்லை, அவனுக்கே ஆச்சரியம். ஆனாலும் இரண்டு நாளாக அந்தப் பேச்சு எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

1996-ல் காலால் மிதித்து ஓட்டும் பழைய ட்ரெடில் அச்சு மிஷின் ஒன்றும் ஈய எழுத்துகள் போட்டுவைக்கும் எழுத்துக் கேஸ் பன்னிரண்டும் வாங்கித் தொழிலை ஆரம்பித்தேன். அப்போதே ஊரில் ஆப்செட் வந்துவிட்டது. என் கையில் இருந்த காசுக்குக் கிடைத்தது ட்ரெடில்தான்.

1998 ஐப்பசி. தீபாவளி முடிந்து அடைமழை பிடித்துக்கொண்ட வாரம். கார்த்திகையில் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் நடக்க வேண்டிய ஒரு கல்யாணத்துக்கு 600 பத்திரிகை கேட்டிருந்தார்கள். எழுத்துக் கோத்து, சட்டத்தில் கட்டி, மிஷினில் ஏற்றத் தயாராக மேசைமேல் வைத்திருந்தேன். மழைக்கு ஒதுங்க ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது, கையில் ஒரு மஞ்சப்பை. "உள்ள வந்து உக்காருங்க ஐயா" என்றேன். உள்ளே வந்தார், ஆனால் உட்காரவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோத்த எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி இருக்கும் என்பது தெரிந்திருக்கும். பழகாத கண்ணுக்கு ஒரு வார்த்தையைப் பிடிக்கவே நேரம் எடுக்கும். அவர் நாலடி தள்ளி நின்றபடியே கேட்டார்: "தம்பி, கல்யாணம் திங்கட்கிழமையா?"

"ஆமாங்க."

"ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள்ளன்னு கோத்திருக்கியே. திங்கட்கிழமை ஏழரை ஒன்பது ராகு காலமாச்சே."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சின்ன வயதில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான்: திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா. முதல் எழுத்தே "தி", திங்கள், ஏழரை. கல்யாண வீட்டார் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் என்று தெளிவாக இருந்தது. முந்தின வாரம் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தின் முகூர்த்த வரியைக் கலைக்காமல் வைத்திருந்தேன். அதையே எடுத்துப் போட்டு, நாளையும் தேதியையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். நேரத்தை மறந்துவிட்டேன். அந்த 600-ம் அடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஊருக்குப் போயிருந்தால், ராகு காலத்தில் தாலி கட்டச் சொன்ன பிரஸ்காரன் என்ற பேரோடு அந்த மாதமே கடையை மூடியிருப்பேன்.

பெரியவர் பாண்டியில் முப்பத்தைந்து வருஷம் எழுத்துக் கோக்கும் கம்போஸிட்டராக இருந்தவர். கம்ப்யூட்டர் வந்ததும் வேலை போய், வண்டிப்பாளையத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். மழை விட்டதும் கிளம்பினார். மறுநாள் காலையில் அவராகவே வந்து எழுத்துக் கேஸ்களைத் திறந்து பார்த்தார். அதில் பழைய எழுத்தும் புது எழுத்தும் கலந்து கிடந்தன. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முன்னால் ணை, லை, ளை, னை எல்லாவற்றுக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே ஒரு வளைவு இருக்குமே, அந்த அச்சுகள்தான். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். அதன் பிறகு ஆறு வருஷம் தினமும் பத்து மணிக்கு வந்தார். சம்பளம் என்று பேசியதே இல்லை. டீயும் பஸ் காசும்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேட்டியோடு ஒரு தொகை வைத்துக் கொடுப்பேன், அதையும் எண்ணிப் பார்க்க மாட்டார்.

புரூப், அதாவது அச்சேறும் முன் எடுக்கும் மாதிரித் தாளில் பிழை, பார்ப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். முதலில் காலண்டரை எதிரில் வைத்துக் கிழமையும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது முகூர்த்த நேரம். அப்புறம் கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்கு, பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முன்னாலிருந்து படித்தால் மனசு தானே வார்த்தையை முடித்துக்கொண்டு ஓடிவிடும், கண் எழுத்தைப் பார்க்காது என்பார். வீட்டு ஆள் கையெழுத்துப் போடாமல் மிஷின் ஓடக் கூடாது. இன்றைக்கும் அப்படியேதான் செய்கிறோம். ட்ரெடிலை விற்று ஆப்செட் வாங்கினோம், பிறகு டிஜிட்டலும் வந்தது, அந்த வரிசையை மட்டும் மாற்றவில்லை.

இரண்டாவது சம்பவம் 2020, கொரோனா ஊரடங்கு. கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று ஆனபோது யார் 500 பத்திரிகை அடிப்பார்கள்? பாதி ஷட்டரை இறக்கி வைத்து, காகித மூட்டைகளில் கரையான் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒரே ஒரு பத்திரிகை அடிச்சுத் தர முடியுமா?" என்றான். மாவட்டம் தாண்டிப் போக இ-பாஸ் வேண்டும், இ-பாஸ் விண்ணப்பத்தோடு பத்திரிகையும் வைக்க வேண்டும், அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகையே அடிக்கவில்லை. இருபதாக அடித்துக் கொடுத்தேன். அவன் யாரிடமோ சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, அந்த வருஷம் முழுக்க இருபது, முப்பது என்று அடித்தே கடை பிழைத்தது. குறைந்தது நூறு என்று வைத்திருந்த விதியை அன்றோடு எடுத்துவிட்டோம். இப்போது வருமானத்தில் பெரிய பங்கு சின்ன ஆர்டர்தான்.

அந்தப் பெரியவர் அன்று பக்கத்து மருந்துக் கடையில் ஒதுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் கை சில்லிடுகிறது. உங்களுக்கும் இப்படி யாராவது உண்டா?

முந்திரிக்காடு (பண்ருட்டி)

அண்ணா, படித்து முடித்ததும் என் கதையையும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எங்களுக்குக் காடாம்புலியூர் பக்கம் நாலு ஏக்கர் முந்திரி. தாத்தா வைத்த மரம். 30-12-2011 விடியும் நேரத்தில் தானே புயல் கரையைக் கடந்தது. வெளிச்சம் வந்து போய்ப் பார்த்தால் ஒரு மரம்கூட நிற்கவில்லை. வேரோடு சாய்ந்ததும் நடுவில் முறிந்ததுமாகக் கிடந்தது. வரப்பில் இருந்த மூன்று பலாவும் போயின. ஊரே இப்படிக் கிடக்கும்போது விறகுக்கு யார் விலை கொடுப்பார்? ஒட்டுக் கன்று வைத்தாலும் காய்க்க மூன்று வருஷம், நல்ல மகசூல் வர இன்னும் மேலே. பலா வைத்தால் அதைவிட நாள் ஆகும். திருப்பூருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

பண்ருட்டியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே லாரி ஒன்று டயர் பஞ்சராகி நின்றது. டிரைவர் தூத்துக்குடிக்காரர். ஜாக்கி வைக்கக் கை கொடுத்தேன். மூட்டையிலிருந்து இரண்டு கொட்டை உதிர்ந்து கிடந்தது, எடுத்துப் பார்த்தால் முந்திரிக்கொட்டை. எங்கள் ஊருக்கே கொட்டை வருகிறதா, எங்கிருந்து என்றேன். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து இங்கே உடைக்க வருகிறது என்றார். முந்திரிக்காட்டிலேயே பிறந்த எனக்கு இது சரியாகத் தெரியாது. நம் காட்டுக் கொட்டை பங்குனி சித்திரையோடு முடிந்துவிடும், மற்ற மாதமெல்லாம் உடைக்கும் பட்டறைகள் வெளிநாட்டுக் கொட்டையில்தான் ஓடுகின்றன என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மரம் போனாலும் தொழில் போகவில்லை.

லாரியில் ஏறி அவரோடு சரக்கு இறக்கும் பட்டறை வரை போனேன். அங்கேயே எட்டு மாதம் வேலை பார்த்தேன். வேக வைப்பது, உடைப்பது, தோல் உரிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பழகினேன். கொட்டை ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது, பட்டால் தோல் வெந்துவிடும். பெண்கள் கையில் சாம்பலையும் எண்ணெயையும் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்துத்தான் இருக்கும். இப்போது சொந்தமாகச் சின்னப் பட்டறை. பதினோரு பெண்கள் வேலை பார்க்கிறார்கள், எல்லோருக்கும் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு நிற்பதைத்தான் 320 தரம் என்பது. எடை போடாமல் கண்ணாலேயே 240 எது, 320 எது என்று பிரித்துத் தள்ளும் ஓர் அக்கா இருக்கிறார், அவர் இல்லாவிட்டால் பட்டறையே ஓடாது.

அந்த டிரைவரின் நம்பரை அன்றைக்கு நான் வாங்கவில்லை. அதுதான் இன்று வரை ஒரு குறை.

வரவுசெலவு (பாண்டி)

இரண்டு பேர் எழுதியதும் மனதைத் தொட்டது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் சரியாக இருக்காது. இழையைப் படிக்கும் சின்னப் பிள்ளைகள் வருகிறவர் எல்லோரும் தெய்வமாகத்தான் வருவார் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

என் அப்பா இங்கே பாத்திரக் கடை வைத்திருந்தார். ஒரு தடவை திருப்பதி போகும் ரயிலில் எதிர் சீட்டுக்காரரோடு பழக்கம் ஆனது. நல்ல மனுஷர், வீட்டுக்கெல்லாம் வந்து சாப்பிட்டிருக்கிறார், என்னைத் தூக்கி வைத்துக் கொஞ்சியிருக்கிறார். நாலு வருஷம் கழித்து அவர் வாங்கிய கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவர் தொழில் நொடித்து ஊரை விட்டே போய்விட்டார். வங்கி அப்பாவிடம் வந்தது. "கடன் வாங்கினவரைப் பிடிச்சு முதல்ல கேளுங்க" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டம் அப்படி இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் சரிசமம். முதலில் அவர், பிறகுதான் இவர் என்ற வரிசை கிடையாது. 2007-ல் கடையை விற்றோம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை.

நான் இப்போது சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் புதிதாகப் பழகியவருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். தற்செயலாக வந்தவரால் வாழ்ந்தவர்கள் கதை சொல்கிறார்கள், நொடித்துப்போனவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள், அவர்கள் இங்கே எழுத வர மாட்டார்கள்.

அச்சுக்கூடம்

ஐயா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியாது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பெரியவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இ-பாஸ் பையனும் காசு கொடுத்துவிட்டுப் போனவன். இரண்டு பேருமே தவறியிருந்தால் எனக்கு ஒரு டீயும் இருபது அட்டையும்தான் நஷ்டம். உங்கள் அப்பாவுக்கு நடந்தது வேறு. பழக்கம் தற்செயலாக வந்தது, கையெழுத்து நாலு வருஷம் கழித்து, நம்பிக்கையின் பேரில் வந்தது. நானும் அந்த நிலையில் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

துறைமுகம் (கடலூர் முதுநகர்)

சுருக்கமாக எழுதுகிறேன், படகு வேலை இருக்கிறது. நான் கட்டுமரம் கட்டுகிறவன். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தது எல்லாம் பைபர் படகு. மரவேலைக்காரனுக்கு இனி என்ன வேலை என்று உட்கார்ந்துவிட்டேன். படகு இறக்க வந்த ஒருவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தார். காலையில் கஞ்சி குடித்துவிட்டு, ஓட்டை விழுந்த பைபரை ரெசின் பசையும் கண்ணாடி இழை மேட்டும் வைத்து எப்படி அடைப்பது என்று ஒரு மணி நேரம் காட்டிவிட்டுப் போனார். ஈரம் துளி இருந்தாலும் ரெசின் ஒட்டாது, மணல்தாள் போட்டு நன்றாகச் சுரண்டிக் காய விட வேண்டும். அவ்வளவுதான் அவர் சொன்னது. பதினெட்டு வருஷமாக அதுதான் சோறு போடுகிறது.

ஊசிநூல் (முத்தியால்பேட்டை)

எல்லோர் கதையும் டீக்கடை, ரயில், லாரி என்று இருக்கிறது. நான் ஒரு பெண். டீக்கடையில் உட்கார்ந்து யாரோடும் பேச்சுக் கொடுக்க முடியாது. பஞ்சரான லாரியில் ஏறிப் பட்டறை வரை போக முடியாது. அந்த அண்ணன் மேல் குறை இல்லை, அவர் துணிச்சலாகச் செய்தார். ஆனால் அப்படிப்பட்ட வழி எங்களுக்குத் திறந்திருப்பதில்லை என்பதையும் இந்த இழையில் யாராவது எழுத வேண்டும். எங்களுக்கு யாரையாவது பார்க்கிற இடம் என்றால் ரேஷன் கடை வரிசை, பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி.

எனக்கு ஆஸ்பத்திரிதான். அம்மாவுக்கு ஜிப்மரில் சிகிச்சை. வெளியே மரத்தடியில் பாய் விரித்துக் காத்திருந்தோம். அங்கே விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலை என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருப்பார்கள். பக்கத்துப் பாயில் ஓர் அக்கா. மார்பில் கட்டி வந்து ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். எப்போதும் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தார். நான் தையல்காரி என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, "ஜாக்கெட்டு உள்ள துணி சுருட்டி வெச்சுக்கறேன்மா, நடந்தா மேல ஏறிக்குது, பஸ்ஸுல கைய தூக்கிக் கம்பி பிடிக்க முடியல" என்றார். அவர் மகளுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

அன்று ராத்திரியே வீட்டுக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தேன். ரவிக்கையின் உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை தைத்தேன். அதற்குள் வைக்கத் தனியாக ஒரு சின்னத் தலையணை. வெறும் பஞ்சு வைத்தால் எடை இல்லாமல் அந்தப் பக்கம் மேலே ஏறிவிடுகிறது, அவர் சொன்னது அதுதான். எடை கொடுக்க அடியில் ஒரு கைப்பிடி கேழ்வரகைத் தனித் துணியில் முடிந்து வைத்து, மேலே பஞ்சு வைத்தேன். மறுநாள் அவரிடம் கொடுத்தேன். குளியலறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். முந்தானையை இழுக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக் கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தார். அதைப் பார்த்து என் அம்மா அழுதுவிட்டாள்.

ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் வார்டில் சொல்லி, அந்த வார்டில் இருந்தவர்கள் அவரவர் ஊரில் சொல்லி, இப்போது மாதம் பதினைந்து இருபது பேருக்கு இப்படித் தைக்கிறேன். அளவெடுக்க வீட்டுக்கே வருவார்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். வரவுசெலவு ஐயா, நானும் முத்ரா திட்டத்தில் சிசு என்கிற சிறுதொழில் கடன் 50,000 வாங்கித்தான் இரண்டாவது மிஷின் போட்டேன், ஜாமீன் கேட்கவில்லை. யாருக்கும் ஜாமீன் போட்டதும் இல்லை.

வரவுசெலவு

அம்மா, நன்றாகச் செய்தீர்கள். ஒன்று கேட்கலாமா? இந்தத் தையலுக்குத் தனியாக விலை வைத்திருக்கிறீர்களா, சாதாரண ரவிக்கைக் கூலிதானா?

ஊசிநூல்

சாதாரணக் கூலிதான் ஐயா. தலையணைக்குத் துணிக்காசு மட்டும். அதிகமாகக் கேட்க மனசு வரவில்லை.

வரவுசெலவு

அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். அதிகம் வாங்கச் சொல்லவில்லை. உங்களுக்கு நஷ்டமானால் இந்த வேலை நின்றுவிடும், அப்புறம் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? அந்தக் கவலையில்தான் கேட்டேன். கணக்கை நான் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்.

லாஸ்பேட்டை_பொடி

நானும் அம்மாவும் இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்து ஆன்லைனில் விற்கிறோம். கடை கிடையாது. ஆர்டர் வரும், கூரியரில் போகும். யாரையும் பார்ப்பதே இல்லை. இதை எல்லாம் படித்தால் ஏக்கமாக இருக்கிறது. எங்களை மாதிரி ஆட்கள் இப்படி மனிதர்களைச் சந்திக்க என்னதான் வழி?

தாழ்வாரம் (பாண்டி)

தம்பி, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கடை வைத்ததில்லை, ஆனால் உன் கேள்விக்கு இந்த ஊரின் தெருக்களே பதில் வைத்திருக்கின்றன என்பதால் எழுதுகிறேன். கால்வாய்க்கு மேற்கே தமிழர் தெருக்களில் மிச்சம் இருக்கிற பழைய வீடுகளைப் போய்ப் பார். வாசலில் தூண் வைத்துத் தெருவை ஒட்டி ஒரு தாழ்வாரம், அதற்கு உள்ளே திண்ணை. அந்த நிழல் வீட்டுக்காரருக்கு மட்டுமானதாகக் கட்டப்பட்டதில்லை. வழிப்போக்கன் ஒதுங்குவான், உட்காருவான், பேச்சு வரும். முகம் தெரியாதவன் வருவான் என்று எதிர்பார்த்தே வீட்டைக் கட்டினார்கள். இப்போது கட்டுகிற வீடுகளில் காம்பவுண்டுச் சுவர்தான் முதலில் எழும்புகிறது.

அதேபோல் கல்யாண வீடு. பாரதியார் 1908-ல் இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் இருந்தார். இங்கே ஒரு கல்யாண வீட்டு விருந்தில்தான், பாரதியார் கூட்டத்தில் இருப்பது தெரியாமலேயே கனகசுப்புரத்தினம் என்ற இளம் ஆசிரியர் அவருடைய பாட்டைப் பாடினார். பின்னாளில் பாரதிதாசன் ஆனவர் அவர்தான். அச்சுக்கூடம் ஐயா அடிக்கிற ஒவ்வொரு பத்திரிகையும் இப்படி முன்பின் தெரியாதவர்களை ஒரே பந்தியில் உட்கார வைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அச்சுக்கூடம்

ஐயா, ரொம்ப நன்றி. பொடித் தம்பிக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரியவர் போன பிறகு கடை வாசலில் ஒரு பெஞ்சு போட்டேன். ஒரு மண்பானைத் தண்ணீர், அன்றைய பேப்பர், சுவரில் பெரிய எழுத்துக் காலண்டர். முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடப்பதும் உண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் பாதி எங்கள் வாசல் பக்கம்தான் உட்காரும். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். உனக்குக் கடை இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை பாண்டி மகாத்மா காந்தி சாலைச் சந்தையில் ஒரு மேசை போட முடியுமா பார். ஒரு சட்டியில் சூடான இட்லியும் பொடியும் எண்ணெயும் வைத்து, வருகிறவர்களுக்கு ருசி பார்க்கக் கொடு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. பொடி செய்கிறவர்களோடு பேசத்தான் ஆட்களுக்குப் பிடிக்கும்.

ஊசிநூல் அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? அந்தத் தலையணையை எப்படித் துவைப்பது, எப்போது மாற்றுவது என்று சீட்டு ஏதாவது கொடுக்கிறீர்களா?

ஊசிநூல்

வாயால்தான் சொல்லுவேன் அண்ணா. ஊருக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் கேழ்வரகோடு சேர்த்து ஊற வைத்து, முளை விட்டுவிட்டது என்று போன் செய்தார்.

அச்சுக்கூடம்

நான் அடித்துத் தருகிறேன். காசு வேண்டாம். கையில் அடங்கும் அளவில், எழுத்தைப் பெரிதாக வைக்கிறேன். வார்த்தை இப்படி இருக்கலாமா பாருங்கள்:

*தலையணையை வெளியே எடுத்துவிட்டு ரவிக்கையை மட்டும் துவைக்கவும். தலையணை உறையைத் தனியாகக் கழற்றி அலசி, நிழலில் காய வைக்கவும். கேழ்வரகு முடிச்சில் தண்ணீர் படக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கேழ்வரகை மாற்றவும்.*

ஊசிநூல்

அண்ணா, "நிழலில்" வேண்டாம், "வெயிலில்" என்று போடுங்கள். பெண்கள் இதை வெளிக்கொடியில் போடக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே காய வைக்கிறார்கள், ஈர வாடை தங்கி உடம்பில் அரிப்பு வருகிறது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியாவது வெயிலில் காய வைக்கவும் என்று சேர்த்துவிடுங்கள். கேழ்வரகு மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது.

அச்சுக்கூடம்

திருத்திவிட்டேன். இருநூறு சீட்டு அடிக்கிறேன், நல்ல அட்டையில். ஆனால் நீங்கள் நேரில் வந்து புரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷின் ஓடும். பாண்டியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி விசாரித்தால் சொல்வார்கள், வாசலில் பெஞ்சு இருக்கும். வீட்டில் என் மனைவியும் இருப்பார், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வியாழக்கிழமை வாங்கம்மா. ஒன்றரை மணிக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிடலாம்.